போரானும் உலோகமும் சேர்ந்தால்: அணுக்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைப் பேச்சு வரிசையில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு முடிந்த பின் உறுப்பினர்கள் கேட்ட சில கேள்விகளும் பதில்களும் இறுதியில் தரப்பட்டுள்ளன.)



"உலோகப் போரைடுகள்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிய அன்றே, "சார், போரைடு என்றால் போர் அடிக்குமா?" என்று லிப்டில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்ட அந்த லிப்டைத் தூக்கி இறக்கும் மோட்டாரிலேயே ஒரு போரைடு இருக்கலாம். கியர் இல்லாத புதிய வகை லிப்ட் மோட்டார்களில் இருக்கும் நிரந்தரக் காந்தம் பெரும்பாலும் ஒரு உலோகப் போரைடுதான். உங்கள் கைபேசியின் ஒலிபெருக்கியில் இருக்கிறது. காதில் மாட்டும் இயர்போனில் இருக்கிறது. சில பொம்மைகளிலும் இருக்கிறது. அந்தப் பொம்மைகளைப் பற்றித்தான் கடைசியில் கொஞ்சம் அழுத்திப் பேசப்போகிறேன். ஆகவே சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் காபி வந்ததும் எழுந்து போய்விட வேண்டாம்.

மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். போரானும் உலோகமும் சேரும்போது அணுக்கள் எப்படி உட்காருகின்றன என்பது முதலாவது. அப்படி உட்கார்ந்த பொருள் காற்று, தண்ணீர், அமிலம் ஆகியவற்றோடு எப்படி நடந்துகொள்கிறது என்பது இரண்டாவது. இதனால் நம் வீட்டுக்கு என்ன என்பது மூன்றாவது.

வீட்டில் இருக்கும் போரான்

போரான் நமக்குப் புதிய ஆள் இல்லை. கீழே விளையாட்டு அறையில் கேரம் போர்டின் மேல் தூவும் பவுடர் போரிக் அமிலம். கரப்பானுக்குச் சர்க்கரையோடு உருட்டி வைப்பதும் அதேதான். மைக்ரோவேவில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரங்கள் பலவும் போரோசிலிக்கேட் கண்ணாடி. நகைப் பத்தர்கள் பொடி வைத்து ஊதும்போது வெங்காரம் தடவுவார்களே, அது சோடியமும் போரானும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு. வெங்காரம் சூட்டில் உருகிக் கண்ணாடி போல ஆகி, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடும். மேல்பரப்பு சுத்தமானால்தான் பொடி உருகி ஒட்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இதே வித்தை இன்னொரு இடத்தில் வரும்.

இவை எல்லாவற்றிலும் போரான் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது. பூமியில் போரான் கிடைப்பதே அப்படித்தான். ஆக்சிஜனை விலக்கிவிட்டு, போரானை நேரடியாக ஒரு உலோகத்தோடு அதிகச் சூட்டில் சேர்த்தால் கிடைப்பதுதான் உலோகப் போரைடு.

போரானின் குணம்

போரான் சிறிய அணு. அதன் வெளிச் சுற்றில் மூன்று எலக்ட்ரான்கள்தான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரான கார்பனுக்கு நான்கு. கார்பன் நான்கு பக்கமும் கைகோத்து நிம்மதியாக இருந்துவிடும். போரானுக்கு எப்போதும் எலக்ட்ரான் பற்றாக்குறை. இருப்பதைப் பலரோடு பகிர்ந்துகொண்டு காலம் தள்ளும். அதனால் போரான் அணுக்கள் ஒன்றோடொன்று கூடிக் கூட்டாக வாழ விரும்புகின்றன. உலோக அணுவோ எலக்ட்ரானைக் கொடுக்கத் தயாராக இருக்கிறது. கொடுப்பவரும் தேவைப்படுபவரும் சந்திப்பதுதான் போரைடு.

இதில் ஒரு எளிய விதி உண்டு. உலோகத்துக்கு எத்தனை போரான் என்ற கணக்குதான் கட்டடத்தின் அமைப்பைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நம் ஊர் வீடுகளை வைத்தே சொல்லலாம்.

இரண்டு இரும்புக்கு ஒரு போரான் என்றால், போரான் அணுக்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்கும். தனி வீடு. ஒரு இரும்புக்கு ஒரு போரான் என்றால், அவை வளைந்து வளைந்து செல்லும் சங்கிலியாகக் கைகோக்கும். வரிசை வீடு. ஒரு உலோகத்துக்கு இரண்டு போரான் வந்தால், போரான் அணுக்கள் தேன்கூடு போல அறுகோணத் தளங்களாக விரிந்துவிடும். ஒரு தளம் போரான், அதன் மேல் ஒரு தளம் உலோகம், மறுபடி போரான். இது அடுக்குமாடி. ஆறு போரான் என்றால் ஆறு மூலைகள் கொண்ட கூண்டுகள் உருவாகி, முப்பரிமாணத்தில் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். நடுவில் இருக்கும் காலி இடத்தில் உலோக அணு குடியிருக்கும். பன்னிரண்டு என்றால் இன்னும் பெரிய கூண்டுகள்.

தனி வீடும் வரிசை வீடும் ஏட்டளவில் மட்டும் இருக்கும் வேறுபாடு இல்லை. எஃகுக் கருவிகளின் மேல்பரப்பைக் கடினமாக்க, அவற்றைப் போரான் கலந்த பொடியில் புதைத்து 800 முதல் 1,000 டிகிரி வரை சூடாக்குவார்கள். போரான் உள்ளே ஊடுருவும். தனி வீட்டு வகைப் போரைடு உருவானால் கடினமான, நன்றாக ஒட்டிய தோல் கிடைக்கும். போரான் அதிகமாகி வரிசை வீட்டு வகை மேலே உருவானால் அது இன்னும் கடினம்தான். ஆனால் நொறுங்கும் குணம் கொண்டது. இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை என்பதால் நடுவே விரிசல் விடும். அதனால் நல்ல பட்டறையில் போரான் அளவைப் பிடித்து வைப்பார்கள்.

ஒரே வரைபடம், இரண்டு குணம்

அடுக்குமாடி வகைக்கு வருவோம். டைட்டானியம், சிர்க்கோனியம், மக்னீசியம் மூன்றும் இரண்டு போரானோடு சேர்ந்து ஒரே வரைபடத்தில் கட்டடம் கட்டுகின்றன. குணம் மட்டும் எதிரும் புதிருமாக இருக்கிறது.

டைட்டானியம் போரைடும் சிர்க்கோனியம் போரைடும் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். மிகக் கடினமானவை. அதே சமயம் உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தும். பீங்கானின் உறுதியும் உலோகத்தின் கடத்தலும் ஒரே பொருளில் சேருவது அபூர்வம். இதற்குக் காரணம், டைட்டானியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை. மேல் தளத்தோடும் கீழ்த் தளத்தோடும் வலுவாகப் பிணைந்துகொள்கிறது. நம் பால்கனி ஜன்னல்களின் அலுமினியச் சட்டத்தில்கூட இதன் பங்கு இருக்கிறது. அலுமினியத்தை வார்க்கும்போது டைட்டானியமும் போரானும் கலந்த ஒரு கலவையைச் சிறிதளவு சேர்ப்பது வழக்கம். அதில் இருக்கும் நுண்ணிய டைட்டானியம் போரைடு துகள்களைச் சுற்றி அலுமினியம் உறையத் தொடங்கும். பெரிய பெரிய பரல்களாக உறையாமல் பொடிப் பரல்களாக உறைவதால் வார்ப்பில் வெடிப்பு குறையும்.

சிர்க்கோனியம் போரைடைக் காற்றில் சூடாக்கினால் என்ன ஆகும்? சிர்க்கோனியம் தன் ஆக்சைடாக மாறும். போரான் தன் ஆக்சைடாக மாறும். போரான் ஆக்சைடு சுமார் 450 டிகிரியிலேயே உருகிக் கண்ணாடித் திரவமாகிவிடும். அந்தத் திரவம் ஓட்டைகளை நிரப்பி, மேலும் ஆக்சிஜன் உள்ளே போகாமல் தடுக்கும். பத்தரின் வெங்காரம் போலவே இதுவும் உருகிப் பரவும் போரான் கண்ணாடிதான். அங்கே அது பரப்பைச் சுத்தம் செய்கிறது. இங்கே காவல் காக்கிறது. சுமார் 1,100 டிகிரிக்கு மேல் போனால் அந்தத் திரவமே ஆவியாகிவிடும், காவல் போய்விடும். அதனால் ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும் விமானங்களின் கூர்மையான முனைகளுக்காக இதை ஆராய்பவர்கள், சிலிக்கான் கார்பைடையும் கலக்கிறார்கள். அப்போது மணலின் மூலப்பொருளான சிலிக்கா கலந்த, இன்னும் அதிகச் சூடு தாங்கும் கண்ணாடிப் போர்வை கிடைக்கிறது.

மக்னீசியம் போரைடின் கதை வேறு. மக்னீசியம் தன் இரண்டு எலக்ட்ரானையும் போரான் தளங்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா நிற்கிறது. பிணைப்பு தளர்வு. ஆகவே அமிலம் பட்டால் மக்னீசியப் போரைடுகள் வினைபுரியும். ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1912 முதல் இந்த வழியில்தான் போரேன்கள் என்னும் போரான்-ஹைட்ரஜன் வாயுக்களைத் தயாரித்துப் பிரித்தெடுத்தார். அவற்றில் பல, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும். அதனால் காற்றே புகாத கண்ணாடிக் குழாய் அமைப்பு ஒன்றை அவர் உருவாக்கினார். அதில் அடைப்பான்களாகப் பாதரசத்தைப் பயன்படுத்தினார். ஆண்டுக்கணக்கில் தலைவலி, மறதி, காது மந்தம் என்று அவதிப்பட்டு, கடைசியில் அது பாதரச ஆவியின் நஞ்சு என்று கண்டுபிடித்தார். 1926இல் அந்த ஆபத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதி மற்ற ஆய்வகங்களை எச்சரித்தார். போரேன்களின் அமைப்பை விளக்கியதற்காக வில்லியம் லிப்ஸ்கோம்ப் 1976இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் ஸ்டாக்.

இந்த மக்னீசியம் போரைடு, அதாவது ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு போரான் கொண்ட வகை, அமைப்பு தெரிந்த பொருளாக 1950களிலிருந்தே இருந்தது. வேதிப்பொருள் கடையில் புட்டியில் வாங்கலாம். அதை நன்றாகக் குளிரவைத்து மின்தடையை அளந்து பார்க்க அரை நூற்றாண்டுக் காலம் யாருக்கும் தோன்றவில்லை. 2001 ஜனவரியில் ஜப்பானின் அவோயாமா ககுயின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுன் அகிமிட்சு, இது 39 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 234 டிகிரியில், மின்தடை முழுவதையும் இழந்து மீகடத்தியாகிறது என்று அறிவித்தார். அதுவரை இந்த வகை உலோகச் சேர்மங்களில் சாதனை 23 கெல்வின்தான். அதுவும் 1973 முதல் அசையாமல் நின்ற சாதனை. அறிவிப்பு வந்த சில வாரங்களுக்குள் உலகெங்கும் ஆய்வகங்கள் இதைச் செய்து பார்த்து உறுதிசெய்தன.

இதற்கும் அணு அடுக்குக்கும் என்ன தொடர்பு? போரானில் எடை 10, எடை 11 என இரண்டு வகை உண்டு. கனமானதை எடுத்துவிட்டு லேசானதை வைத்துச் செய்தபோது, மீகடத்தும் வெப்பநிலை சுமார் ஒரு டிகிரி கூடியது. லேசான அணு வேகமாக அதிரும். ஆகவே அந்த அறுகோணப் போரான் தளத்தின் அதிர்வுதான் மீகடத்தலுக்குக் காரணம் என்பது உறுதியானது. அமிலத்தில் கரையவிட்ட அதே தளர்வான அமைப்புதான் இங்கே உதவுகிறது. டைட்டானியம் போரைடின் இறுக்கமான தளங்கள் இந்த வேலையைச் செய்வதில்லை.

இன்று இந்தப் பொருளைக் கம்பியாக இழுக்கிறார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2014இல் 20 மீட்டர் நீள மக்னீசியம் போரைடு இணைப்பில் 24 கெல்வினில் 20,000 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்திக் காட்டியது. நம் வீட்டு ஏ.சி.க்குப் போடும் பிரேக்கர் சாதாரணமாக 16 அல்லது 20 ஆம்பியர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூண்டுக்குள் ஒரு உலோகம்

ஆறு போரான் கூண்டு வகைக்கு நல்ல உதாரணம் லாந்தனம் போரைடு. ஊதா நிறப் பொருள். இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டினால் கிடைக்கும் வடிவம்தான் ஒவ்வொரு போரான் கூண்டும். அந்தக் கூண்டு வலைக்கு இரண்டு எலக்ட்ரான் போதும். லாந்தனம் மூன்று கொடுக்கிறது. மீதமுள்ள ஒன்று சுதந்திரமாக அலைகிறது. அதனால் இது நல்ல மின்கடத்தி. சூடாக்கினால் எலக்ட்ரான்களைத் தாராளமாக வெளியே உமிழும். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஜேம்ஸ் லாஃபர்ட்டி 1951இல் இதைக் காட்டினார். இன்றும் பல எலக்ட்ரான் நுண்ணோக்கிகளில் எலக்ட்ரான் ஊற்றாக இருப்பது ஒரு சிறு லாந்தனம் போரைடு படிகம்.

வினைபுரியும் குணம் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. கொதிக்கும் சூட்டில் இந்தப் படிகத்தை டாண்டலம், டங்ஸ்டன் போன்ற உலோகப் பிடியில் நேரடியாக மாட்டினால், போரான் மெல்ல அந்த உலோகத்துக்குள் நழுவிப்போகும். கூண்டு இடிந்து, உள்ளே இருந்த லாந்தனம் ஆவியாகிவிடும். ஆகவே நடுவில் கார்பன் போன்ற பொருளை வைத்துத்தான் பிடிப்பார்கள். சுவர் இடிந்தால் குடித்தனக்காரரும் கிளம்பிவிடுவார் என்பது அணு உலகத்துக்கும் பொருந்தும்.

நம் கட்டடத்தில் இருக்கும் போரைடு

இனி காந்தம். இரண்டு நியோடிமியம், பதினான்கு இரும்பு, ஒரு போரான். இதுதான் இன்று விற்பனையில் இருக்கும் நிரந்தரக் காந்தங்களில் மிக வலுவான வகையின் அடிப்படை. எடையில் கணக்கிட்டால் நூறு கிராம் சேர்மத்தில் போரான் ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராம் இல்லாவிட்டால் இந்தக் காந்தமே இல்லை.

போரான் இல்லாமல் நியோடிமியமும் இரும்பும் மட்டும் சேர்ந்த சேர்மம் ஒன்று உண்டு. அது சுமார் 57 டிகிரியிலேயே காந்தத் தன்மையை இழந்துவிடும். அதன் காந்தத் திசையும் ஒரே கோட்டில் நிலைத்து நிற்பதில்லை. ஜப்பானியர் மசாடோ சகாவா, இரும்பு அணுக்கள் நெருக்கமாக இருப்பதுதான் குறை, போரான் போன்ற சிறு அணுவை இடையில் செருகினால் இடைவெளி கூடும் என்று யோசித்தார். கிடைத்தது சற்று விரிந்த பழைய சேர்மம் அல்ல, முற்றிலும் புதிய சேர்மம். அதன் மிகச் சிறிய அலகுப் பெட்டியில் மட்டும் 68 அணுக்கள். அதில் ஒவ்வொரு போரானும் ஆறு இரும்பு அணுக்களின் நடுவே உட்கார்ந்து, கட்டடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த அமைப்பில் காந்தத் திசை பெட்டியின் நீள வாக்கில் இறுகி நிற்கிறது. காந்தத் தன்மை சுமார் 312 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. சகாவா சுமிடோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸ் நிறுவனத்திலும், ஜான் க்ரோட் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலும் தனித்தனியே இதை அடைந்து, 1983இல் வெளியிட்டார்கள். சகாவாவுக்கு 2022இல் பொறியியலுக்கான குயின் எலிசபெத் பரிசு கிடைத்தது.

இத்தனை வலுவான காந்தத்துக்கு இரண்டு பலவீனங்கள். முதலாவது, வெயிலும் சூடும். 312 டிகிரி என்பது முழுவதும் இழக்கும் அளவு. சாதாரண ரகங்களைச் சுமார் 80 டிகிரிக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. மோட்டார் ரகங்களில் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்களைச் சேர்த்துத்தான் சூட்டைத் தாங்க வைக்கிறார்கள். இவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தபோது நம் நாட்டு வாகன உற்பத்தியாளர்களும் திணறினார்கள்.

இரண்டாவது, ஈரம். காந்தத்தின் பரல்களுக்கு இடையே நியோடிமியம் மிகுந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. காந்தத்தின் வலுவுக்கு அது தேவை. ஈரக் காற்றில் முதலில் அரிபடுவதும் அதுதான். அது அரியும்போது வெளிவரும் ஹைட்ரஜனைப் பக்கத்துப் பரல்கள் உறிஞ்சி உப்பும். சிமெண்ட் உதிர்ந்த செங்கல் சுவர் போலக் காந்தம் பொடியாக உதிரும். அதனால்தான் பளபளவென்று நிக்கல் முலாம் பூசி விற்கிறார்கள். அந்தப் பூச்சு ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. கீறல் விழுந்தால் கடற்காற்று வீசும் ஊரில் அதன் ஆயுள் குறைவு.

இதே பலவீனத்தை உபயோகமாகவும் மாற்றியிருக்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால், உள்ளே இருக்கும் காந்தம் தானே பொடியாகிப் பிரிந்து வரும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். அந்தப் பொடியிலிருந்து மறுபடி காந்தம் செய்யலாம்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது

இப்போது நான் முதலில் சொன்ன பொம்மைக்கு வருகிறேன். மிளகு அளவு, பட்டாணி அளவு உருண்டைக் காந்தங்கள் நூறு, இருநூறு என்று டப்பாவில் விற்கின்றன. பளபளப்பாக, வண்ண வண்ணமாக, கோத்தால் வளையல், கோபுரம், பந்து எல்லாம் செய்யலாம். பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுப்பவர்களும் உண்டு.

ஒரு குழந்தை ஒரு கோலிக்குண்டை விழுங்கினால் பெரும்பாலும் அது வெளியே வந்துவிடும். இந்தக் காந்தங்களில் இரண்டை விழுங்கினால் கதையே வேறு. குடல் மடிந்து மடிந்து கிடக்கிறது. ஒரு மடிப்பில் ஒரு காந்தமும் பக்கத்து மடிப்பில் இன்னொன்றும் இருந்தால், இரண்டு குடல் சுவர்களையும் நடுவில் நசுக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். விடாது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, திசு அழுகி, ஓட்டை விழும். முதலில் தெரிவதெல்லாம் வயிற்றுவலி, வாந்தி, லேசான காய்ச்சல். "ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே 2022இல் கட்டாய விதி கொண்டுவந்தது: இத்தகைய பொருளில் உதிரிக் காந்தம் விழுங்க முடியாத அளவு பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இவை.

ஒன்று: சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த உருண்டைக் காந்தப் பொம்மை வேண்டாம். பெரிய பிள்ளைக்கு வாங்கினாலும் சின்னப் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். பதின்ம வயதுப் பிள்ளைகளும் விளையாட்டாக நாக்கில், மூக்கில் ஒட்டிப் பார்த்து விழுங்கியிருக்கிறார்கள்.

இரண்டு: விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, எத்தனை என்று தெரியாவிட்டாலும், உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். "காந்தம்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். வாழைப்பழம், விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேயில் ஒட்டிக்கொண்ட இரண்டு காந்தம் ஒன்று போலத் தெரியலாம் என்பதால் ஒரே கோணப் படம் போதாது.

மூன்று: பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தம் உள்ள கைபேசி, அதன் காந்த சார்ஜர், காந்த மூடி உள்ள உறை ஆகியவற்றைச் சட்டைப்பையில், நெஞ்சருகே வைக்க வேண்டாம். ஒரு சாண் தூரமாவது தள்ளி இருக்கட்டும்.

நான்கு: பழைய ஹார்ட் டிஸ்க், ஸ்பீக்கர் காந்தங்களை ஆர்வத்தில் துளை போடவோ அரைக்கவோ வேண்டாம். அந்தத் தூள் எளிதில் தீப்பிடிக்கும். நம் சங்கத்தின் மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

விளையாட்டு அறையிலும் பிறந்தநாள் விழாக்களிலும் இந்தப் பொம்மைகளைத் தவிர்ப்பது என்று அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானமாகவே வைக்கலாம் என்பது என் யோசனை. நிர்வாகக் குழு பரிசீலிக்கும் என்று நம்புகிறேன்.  கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி - பதில்

கேள்வி: கேரம் போர்டு பவுடர் குழந்தைகளுக்கு ஆபத்தா?

பதில்: விளையாடும்போது விரலில் படுவது பிரச்சினை இல்லை. விழுங்கினால் நஞ்சு. டப்பாவை உயரத்தில் வையுங்கள். ஆடி முடித்துக் கை கழுவச் சொல்லுங்கள். கரப்பான் உருண்டை இனிப்பாக இருக்கும் என்பதால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையில் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: லிப்ட் மோட்டார் காந்தம் வருடங்கள் போகப்போக வலு குறையுமா?

பதில்: சூடும் ஈரமும் கட்டுப்பாட்டில் இருந்தால் கவலைப்படும் அளவுக்குக் குறையாது. மொட்டை மாடி மெஷின் ரூமில் காற்றோட்டம் அடைபடாமல் இருக்கிறதா, மழைத் தண்ணீர் கசிகிறதா என்பதைப் பராமரிப்பவரோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது நல்லது.

கேள்வி: மின்சாரம் குறைவாக இழுக்கும் புதிய சீலிங் ஃபேனிலும் இதே காந்தம்தானா?

பதில்: அதில் நிரந்தரக் காந்தம் உண்டு. ஆனால் பலவற்றில் இருப்பது ஃபெரைட் எனப்படும் மலிவான, கருப்பான காந்தம். அது இரும்பு ஆக்சைடு வகை, போரைடு இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சாதாரண பொம்மைக் காந்தமும் பெரும்பாலும் அதே குடும்பம்தான்.

கேள்வி: நியோடிமியம் நம் நாட்டில் கிடைக்காதா?

பதில்: கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளாவின் சவரா, ஒடிசா கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் நியோடிமியம் இருக்கிறது. கூடவே கதிரியக்கம் உள்ள தோரியமும் இருக்கிறது. அதனால் அதைக் கையாள்வது அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடலோர மக்களுக்கு மணல் எடுப்பது பற்றி நியாயமான கவலைகளும் உண்டு. மணலிலிருந்து ஆக்சைடு, ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து காந்தம் என்று படிகள் பல. கடைசிப் படிகளை இங்கேயே செய்வதற்காக 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்வரை, நாம் தூக்கிப்போடும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு சின்னச் சுரங்கம் என்று நினைத்து மின்கழிவுப் பெட்டியில் சேர்த்தால் நல்லது.